டாஃபியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன விவரம்

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் கீர்த்திக்கு அம்மா அம்முலு ஆசையோடு எழுதுவது. நான் நலம், உன் நைனா நலம், கறவை மாடு நலம், உன் டாஃபியும் நலம். மனிதர்களோடு சேர்த்து நாயின் நலத்தையும் எழுதும்படி ஆகிவிட்டது, என்ன செய்வது, நீ போன் எடுத்தவுடன் எங்களுக்கு முன்னால் அவனைத்தானே விசாரிக்கிறாய். அவன் காதில் தையல் போட்டிருக்கிறது, பயந்துவிடாதே, ஆறிக்கொண்டு வருகிறது, எப்படி வந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். நீ அந்தக் குளிர் தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, நோயாளிகளைப் பார்க்கிற மும்முரத்தில் உன் உடம்பைக் கோட்டை விட்டுவிடாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து அம்மா மொதல்ல டாஃபி பெல்ட்ட கயட்டுனியா இல்லியா அத்த சொல்லு என்று வக்கீல் மாதிரி மடக்குகிறாய், எனக்கு இருக்கிற குழப்பத்தில் பாதியை மறந்து மீதியை உளறிவிடுகிறேன். பக்கத்து வீட்டு சோபியாவின் தம்பி ஜான் அங்கே அயர்லாந்தில் வேலை கிடைத்து வருகிறான் அல்லவா, அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்பினால் நீ நடுவில் பேச முடியாது என்று தைரியமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஊர்ச் செய்தி என்று பார்த்தால், ஏரியில் தண்ணீர் நிறைய கிடக்கிறது, நடவுக்கு ஆள் தேடி வீடு வீடாக வருகிறார்கள், நானும் சோபியாவும் காலை நாஷ்டா முடிந்தால் கழனியில்தான். உன் நைனாவுக்கு முட்டி வலி, சென்ட்ரிங் வேலைக்குப் போகாதே என்றால் என் மேல் எரிந்து விழுகிறார். உன் அத்தை மகள் ஸ்வேதாவுக்கு மாகறலில் ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் நல்ல மாதிரி என்கிறார்கள், நீ அவளுக்கு ஒரு வார்த்தை பேசு. போன வாரம் பெய்த மழையில் சமையல் கட்டுப் பக்கம் ஒழுகியது, உன் நைனா மேலே ஏறி சரி செய்துவிட்டார், இறங்கத்தான் அரை நாள் ஆயிற்று. அவ்வளவுதான், மற்றதெல்லாம் டாஃபி சங்கதிதான்.

நீ தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தபோது இந்த நாயை எப்படி வளர்த்தாய் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நம் தெருவில் நாய் என்றால் அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கும், போட்டதைத் தின்னும், யாராவது புது ஆள் வந்தால் குரைக்கும். யார் வீட்டு நாய் என்று கேட்டால் நாலு பேர் எங்கள் நாய் என்பார்கள், கடித்துவிட்டது என்று சொன்னால் மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இவன் என்னவென்றால் வாசலில் மூத்திரம் போக மாட்டேன் என்கிறான். தோட்டத்துப் பக்கம் தள்ளினேன், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனேன், தெருக்கோடி மின்கம்பத்தைக் காட்டினேன், எதையும் மதிக்கவில்லை. அடக்கி அடக்கி வயிறு உப்பிப்போய் இரண்டு நாள் சோற்றைக்கூடத் தொடாமல் படுத்துவிட்டான். நாய் கண்ணிலிருந்து அப்படித் தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியாது. பயந்துபோய் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு மாட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் டியூப் விட்டு எடுத்துவிட்டு, இது சிட்டில வளந்த நாய்மா, பெல்ட் கட்டி புல்லுல நடந்து பயகிட்சி, தெனம் ரெண்டு வேள அப்பிடி நடக்க வைக்கணும், இல்லன்னா மறுபடி அடைச்சிக்கினு செத்துப் பூடும் என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நீ என்னை நம்பி விட்டுப்போன உயிர், உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்.

சரி, நடக்க வைப்பது எங்கே. கழனி வரப்பிலும் ஏரிக்கரை மேலும் எலிக்கு மருந்து வைக்கிறார்கள், சோபியா வீட்டு நாய் போன மாதம் அதைத் தின்றுவிட்டு வாயில் நுரை தள்ளிப் போய்விட்டது. சாலவாக்கம் ரோட்டில் ஜல்லி லாரிகள் மனிதனுக்கே வழி விடுவதில்லை. மிச்சம் இருந்தது ஊர்த்தெருவுக்கும் நம் காலனிக்கும் நடுவே ஏரிக்கரையோரம் பஞ்சாயத்தில் கட்டிய பூங்கா ஒன்றுதான். நீ போன பிறகு திறந்தது, நீ பார்த்ததில்லை. சுற்றிக் கம்பி வேலி, நடக்க சிமெண்டுக் கல் பாதை, ஊஞ்சல், சறுக்கு மரம், கை கால் ஆட்டுகிற இரும்பு மிஷின் எல்லாம் இருக்கிறது. நூறு நாள் வேலையில் அந்தப் புல்லை நட்டதே நானும் சோபியாவும் மற்றவர்களும்தான். நட்டதோடு சரி, திறந்த பிறகு நம் தெருவிலிருந்து பிள்ளைகள் சாயங்காலம் ஊஞ்சல் ஆடப் போகும், பெரியவர்கள் யாரும் உள்ளே நடக்கப் போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் யாரும் சொன்னதில்லை. கழனியில் நாளெல்லாம் நடக்கிறவர்களுக்குத் தனியாக நடை எதற்கு என்றுதான் நானும் இருந்துவிட்டேன். இப்போது நாய்க்காகப் போக வேண்டி வந்தது.

முதல் நாள் நடந்ததை நீ கேட்டால் சிரிப்பாய், சிரித்துக்கொள். நீ கொடுத்துவிட்டுப் போன சிவப்பு பெல்ட் இருக்கிறதே, அது இருந்த அழகுக்கு மண்ணில் இழுத்து அழுக்காக்க எனக்கு மனசு வரவில்லை. நீ லீவில் வரும்போது கட்டலாம் என்று பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பாச்சை உருண்டை போட்டு வைத்துவிட்டேன். மாட்டுக் கயிறு ஒன்றில் சுருக்குப் போட்டு அவன் கழுத்தில் மாட்டி விடியற்காலையில் பூங்காவுக்குள் கூட்டிப்போனேன். நம் பக்கத்தில் நாய் கழுத்தில் கயிறு ஏறினால் என்ன அர்த்தம் என்று எனக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை பார். வெறி பிடித்த நாயைத்தானே கயிறு போட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். ஊர்த்தெரு தேவகி என்னைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், ஐயையோ வெறி நாய இஸ்துக்கினு உள்ளயே வன்ட்டாடி என்று போட்டாளே ஒரு கூச்சல், நடந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் இரும்பு மிஷின் மேல் ஏறிக்கொண்டார்கள். உனக்கு அஞ்சாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாரே மோகன் சார், ரிட்டயர் ஆகி இப்போது சர்க்கரைக்காக தினமும் நடக்கிறார், அவர் இந்த வயதில் சறுக்கு மரத்து ஏணியில் ஏறி நின்றார். இவன் எல்லோரும் விளையாடுகிறார்கள் என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க இழுக்கிறான். நான் கடிக்காது, கடிக்காது என்று கத்திக்கொண்டே அவன் பின்னால் ஓடுகிறேன். ஆனால் போன வேலை முடிந்தது, புல்லைக் கண்டதும் நின்று நிதானமாக மூத்திரம் போனான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் மற்றவர்கள் திட்டியது காதில் விழவே இல்லை.

மறுநாளே பெல்ட்டை வெளியே எடுத்துவிட்டேன். நீ போனில் அனுப்பின பேச்சையெல்லாம் ஜான் எனக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான். பெல்ட்டைக் கழற்றாதே, எதிரில் வேறு நாய் வந்தால் கண்ணோடு கண் பார்க்க விடாமல் திருப்பிக்கொண்டு போ, கேட்காமல் யாரையும் தொட விடாதே, அவன் போனதைக் கவரில் அள்ளிக் குப்பையில் போடு, யாராவது சண்டைக்கு வந்தால் எதிர்த்துப் பேசாதே, சாரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. அப்படியே செய்தேன். அள்ளுகிற விஷயத்தில் மட்டும் உன் நைனாவோடு பெரிய சண்டை. கவரோடு போகிறேன் என்று தெரிந்ததும், உன் தாத்தா செத்த மாட்டைத் தூக்க இனிமேல் வரமாட்டேன் என்று ஊரையே எதிர்த்து நின்றவர், அந்த வீட்டு மருமகள் நீ நாய்ப்பீ அள்ளுகிறாயா, ஊரே நின்னு வேடிக்கை பாக்குது, மானம் போவுதுமே என்று குதித்தார். அங்கே உன் ஊரில் டாக்டர்கள்கூடத் தங்கள் நாய்க்குத் தாங்களே அள்ளுகிறார்கள் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவங்க அள்ளுனா அது சுத்தம், நாம அள்ளுனா அது வேற என்றார். நீ சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது, அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது, நான் நடுவில் கவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மோகன் சார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார், உன்னைப் பற்றி விசாரித்தார், எங்கிட்ட படிச்ச பசங்கள்லயே வெளிநாடு போனது கீர்த்திதான் என்று தன் பெண்ணைப் போலப் பெருமைப்பட்டார். அப்புறம், இந்த நாய இங்க இட்டாராத அம்முலு, பொம்பளைங்க கொயந்தைங்க நடக்கற எடம், பயப்படறாங்க என்றார். நான் நீ சொன்னபடி சாரி சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசனை. அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியிலேயே மூன்று தெரு நாய்கள் படுத்திருக்கின்றன, ஒன்றுக்கு உடம்பெல்லாம் சொறி, அதற்கெல்லாம் அவரே தினமும் பிஸ்கெட் போடுகிறார். அந்த நாய்களைப் பார்த்து பயப்படாத பெண்கள் தடுப்பூசி போட்டு பெல்ட் கட்டின நாயைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும். அப்படியென்றால் அவர் நாயைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா. வேறு யாராவது ஊர்த்தெருவிலிருந்து ஒரு நாயைக் கட்டிக் கூட்டி வந்திருந்தால் வித்தியாசம் தெரிந்துபோயிருக்கும். யாரும் கூட்டி வருவதில்லை, யாரிடமும் இப்படி ஒரு நாயும் இல்லை. நான் தப்பாக நினைத்து நல்ல மனிதர் மேல் பழி சுமத்துகிறேனோ என்று ஒரு பக்கம். இல்லை, புரிந்தும் புரியாத மாதிரி இருக்கிறேனோ என்று இன்னொரு பக்கம். சோற்றை அடுப்பில் தீய விட்டுவிட்டேன் அன்றைக்கு.

சோபியாதான் ஒரு யோசனை சொன்னாள். கட்டி வச்சா கடிக்கிற நாயின்னுதான் நெனப்பாங்க, ஒரு நாள் அவுத்து வுடு, சாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும் என்றாள். நீ கழற்றவே கூடாது என்றாய். ஆனால் நீ இருக்கிற ஊரில் பெல்ட் கட்டினால் சண்டை வராது, இங்கே பெல்ட் கட்டினதால்தான் சண்டை, நான் யார் பேச்சைக் கேட்பது. அவிழ்த்துவிட்டேன் கண்ணு, அது என் தப்புதான், இப்போது திட்டிக்கொள். அவிழ்த்த மறுகணம் நேராக அந்தப் பெஞ்சுக்கடி நாய்களிடம் கொஞ்சிக் குலாவப் போய்விட்டான். அவை பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தன. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து இவனைக் கீழே தள்ளிப் புரட்டி எடுத்துவிட்டன. நான் செருப்பைக் கழற்றி எறிகிறேன், கத்துகிறேன், கிட்டே போகக் கால் வரவில்லை. மோகன் சார்தான் ஓடி வந்து குடையால் அடித்து விரட்டினார். அவர் வேட்டியே கிழிந்துபோயிற்று. டாஃபியின் காது தொங்கிக்கொண்டிருந்தது, ரத்தம். தன் துண்டை எடுத்து அவரே காதில் சுற்றினார், அவனைத் தூக்கித் தன் வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு, டாக்டராண்ட வா என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனேன். வண்டியில் பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. அந்த அவசரத்தில் அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. தையல் போடும்போது டாஃபியின் தலையை அவர்தான் பிடித்துக்கொண்டார், நம்ம கீர்த்தி நாய்டா நீ, அழக்கூடாது என்று அவனிடம் பேசினார். அவர் காலில் விழலாம் போல இருந்தது.

காயம் கொஞ்சம் ஆறியதும் அவரே வழியில் நிறுத்திச் சொன்னார். காலைல நாய இட்டாந்து கேட்டாண்ட குடுத்துடு அம்முலு, நானே நாலு சுத்து இட்டுக்கினு போய்ட்டு தரேன், நீ உள்ள வர வேணாம், அங்கயே நில்லு, உனக்கு எதுக்கு அலைச்சல் என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நீ சொன்ன எல்லாமே கைகூடிவிட்டது பார், பெல்ட் இருக்கிறது, சண்டை இல்லை, நாய் பத்திரமாக இருக்கிறது, மூத்திரமும் நிற்காமல் போகிறது. தினமும் கேட்டில் பெல்ட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வேலியோரம் நிற்பேன். முதல் நாள் மிஷின் மேல் ஏறின அதே பெண்கள் இப்போது குனிந்து அவன் தலையைத் தடவுகிறார்கள். தேவகி தன் பேரனைத் தூக்கிவந்து அவன் முதுகைத் தொட வைக்கிறாள். அதே நாய், அதே பெல்ட், பிடித்த கை மட்டும்தான் வேறு. பயம் எங்கே போயிற்று என்று நினைத்துக்கொண்டே நிற்பேன். டாஃபி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கு நேராக வந்ததும் நின்று என்னைப் பார்ப்பான், நான் போ போ என்று கை காட்டுவேன். அப்படி ஒரு நாள் அவன் பாதை நடுவிலேயே வெளிக்குப் போய்விட்டான். மோகன் சார் திரும்பிப் பார்த்து, அம்முலு, உள்ள வா, வந்து இத்த எடு என்று கூப்பிட்டார். நான் கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், அள்ளினேன், குப்பைத் தொட்டியில் போட்டேன், திரும்ப வெளியே வந்து அதே இடத்தில் நின்றுகொண்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை கீர்த்தி. கழனிக்குப் போய் நாற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது, எதற்கு மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டார் என்று. சேற்றிலேயே நின்று அழுதுவிட்டேன், சோபியா பூச்சி கடித்துவிட்டதோ என்று காலைத் தூக்கிப் பார்க்கிறாள்.

காரணத்தை அவளிடம் சொன்னேன், அவள் வாயில் எது நின்றது, சாயங்காலமே உன் நைனா காதுக்குப் போய்விட்டது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவரு நல்லவருதான்மே, அதான் பேஜாரே, கெட்டவனா இருந்தா திட்டிட்டு வந்துடலாம் என்றார். அப்புறம், சண்ட வேணாம்னு ஒதுங்கறதுக்கு நம்ம பொண்ணு நமக்கு சொல்லித்தரணுமா, நாம இன்னா பொறந்ததுல இருந்து அத்தத்தான பண்ணிக்கினு கீறோம் என்றார். அவர் சொன்னதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. அங்கே பஸ் ஸ்டாப்பில் யாரோ பையன்கள் உன்னைப் பார்த்து உன் நாட்டுக்கே போ என்று கத்தினதாகவும், நீ சாரி சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போனதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாயே. நீ என்ன தப்பு செய்தாய் சாரி சொல்ல. நாய்க்குச் சொல்லிக்கொடுத்த பாடம் என்று நினைத்துத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது பார்த்தால் அது நீ உனக்கே வைத்திருக்கிற பாடமாக இருக்கிறது. அதை எங்கே படித்தாய், எங்களைப் பார்த்துத்தானே படித்திருப்பாய். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை கேட்டில் மோகன் சார் கையை நீட்டினார், நான் பெல்ட்டைக் கொடுக்கவில்லை. நானே இட்டுக்கினு போறேன் சார் என்றேன். உனக்கு எதுக்கும்மா கஷ்டம் என்றார். கஷ்டம் இல்ல சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பின்னாலேயே வந்து, நான் இன்னா தப்பு பண்ணேன் அம்முலு, நாய்க்கு நல்லதுதான பண்ணேன் என்று கேட்டார். முகம் வாடிப்போயிருந்தது. நாய்க்கு நல்லதுதான் செய்தார், அதை எப்படி இல்லை என்று சொல்வது. நீங்க நல்லா இருக்கணும் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு டாஃபியோடு ஒரு சுற்று வந்தேன். அவன் கேட்டுக்கு நேரே நிற்கவே இல்லை, நேராக நடந்தான்.

இன்று காலை போனால் கேட்டில் புதிதாக ஒரு போர்டு தொங்குகிறது, நாய்களுக்கு அனுமதி இல்லை என்று. அதற்கு அடியிலேயே அந்தச் சொறி நாய் படுத்துத் தூங்குகிறது. உன் நைனா டீக்கடையில் விசாரித்தார், மோகன் சார் சத்தியமாக நான் போடச் சொல்லவில்லை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். பஞ்சாயத்து ஆட்களைக் கேட்டால் பொதுமக்கள் சொன்னார்கள் என்கிறார்கள். பொதுமக்கள் யார் என்று கேட்டால் மறுபடியும் பொதுமக்கள்தான் என்கிறார்கள். டாஃபியைப் பற்றி நீ கவலைப்படாதே, காதும் ஆறிக்கொண்டு வருகிறது, இப்போது வேறு புல்லும் பழகிக்கொண்டான், இன்றைக்கு உன் நைனாவே பெல்ட்டைப் பிடித்து ஏரிக்கரை மேல் கூட்டிப்போனார், மருந்து கிருந்து கிடக்கிறதா என்று முன்னால் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார். அங்கே இருவருமாக நின்று மூத்திரம் போனார்களாம், வந்து பெருமையாகச் சொல்கிறார். அதனால் நாய் பிழைத்துக்கொண்டது, அந்தக் கவலை விட்டது. எனக்குத்தான் இன்னும் குழப்பம் தீரவில்லை, நாயைச் சொன்னார்களா, என்னைச் சொன்னார்களா என்று. யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்று தோன்றியது. போர்டு நாய்க்குத்தானே போட்டிருக்கிறார்கள். டாஃபியை உன் நைனாவோடு ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் தனியாகப் போய் அந்தப் பாதையில் நடக்கப் போகிறேன். கையில் பெல்ட்டும் இருக்காது, கவரும் இருக்காது. அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும், எனக்கும் தெரிந்துவிடும். சோபியாவும் வருகிறேன் என்கிறாள்.

நீ நூறு வயசு நோயில்லாமல், யாருக்கும் தலை குனியாமல் இருக்க வேண்டும் என்று நம் அம்மனை வேண்டிக்கொள்கிறேன், உன் நைனாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது. ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. அடுத்த முறை அந்தப் பஸ் ஸ்டாப்பில் யாராவது கத்தினால் பஸ் வரும்வரை அங்கேயே நில், தனியாக நிற்காதே, பக்கத்தில் ஆள் இருக்கும்போது நில். இன்னொன்று முக்கியமாக ஞாபகம் வைத்துக்கொள். நைட் டியூட்டி நடுவில் நீ போன் செய்கிற நேரம் எங்களுக்கு விடியற்காலை, இனிமேல் அந்த நேரத்தில் செய்யாதே, சாயங்காலம் செய். காலையில் நான் பூங்காவில் நடந்துகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
வே. அம்முலு